ஆய்வகச் சொற்களை அறிந்து பயன்படுத்துவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களில் பலர் முதலில் கருவிகளின் பெயர்களைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அங்கே தொடங்குவது நல்ல வரிசை அன்று. கூம்புக் குடுவை எது என்று தெரியாதவர் அருகில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். ‘கலக்கவும்’, ‘குலுக்கவும்’, ‘சுழற்றவும்’ ஆகிய மூன்றும் ஒரே செயலைத்தான் குறிக்கின்றன என்று எண்ணிக்கொண்டவருக்குக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே வராது. சோதனை பிழைத்துப்போவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான். ஆகவே, வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையிலேயே சொற்களைக் கற்பதற்கு இந்தக் கட்டுரை வழிகாட்டுகிறது. பாடநூல்களுக்கிடையே சொற்கள் சற்று வேறுபடும். பீக்கர் என்பதை முகவை என்றும், பியூரெட்டை அளவி என்றும், பிப்பெட்டைக் குழாயி என்றும் எழுதும் நூல்கள் உண்டு. உங்கள் ஆய்வகத்தில் வழங்கும் சொல்லையே எடுத்துக்கொண்டு, பதிவேடு முழுவதும் அதையே மாறாமல் எழுதுங்கள்.

முதற்படி: செய்முறைக் குறிப்பின் வினைச்சொற்களைப் பிரித்தறிதல்

செய்முறைக் குறிப்பு ஒன்றை எடுத்து, அதில் வரும் வினைச்சொற்களின் கீழ் மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் கை என்ன செய்ய வேண்டும் என்று ஓரத்தில் எழுதுங்கள். பீக்கரில் உள்ள திரவத்தைக் கண்ணாடித் தண்டால் கலக்குகிறோம். கூம்புக் குடுவையின் கழுத்தைப் பிடித்து, உள்ளிருக்கும் திரவம் வட்டமாகச் சுழலும்படி அசைப்பது சுழற்றுதல். அதன் சரிந்த சுவர்களும் குறுகிய வாயும் திரவம் வெளியே தெறிக்காமல் காக்கின்றன. ஒன்றோடொன்று கலவாத திரவங்களைப் பிரிக்க உதவும் பிரிபுனலில் இரண்டு திரவங்களை எடுத்து, மூடியைப் பிடித்துக்கொண்டு வேகமாக அசைப்பதுதான் குலுக்குதல். அவ்வாறு குலுக்கும்போது உள்ளே ஆவியழுத்தம் சேர்வதால், இடையிடையே புனலைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் தண்டு யாரையும் நோக்கி இராதவாறு வைத்து, குழாயடைப்பைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

வெப்பம் தொடர்பான சொற்களும் இப்படிப்பட்டவைதான். ‘வெப்பப்படுத்தவும்’ என்றால் கொதிக்க வேண்டும் என்று பொருளில்லை. ‘ஆவியாக்கவும்’ என்றால் கரைப்பான் வெளியேறிக் கரைபொருள் எஞ்ச வேண்டும். ‘உலர்த்தவும்’ என்றால் திண்மத்தில் ஒட்டியிருக்கும் ஈரம் நீங்க வேண்டும். ‘நிலையான எடை வரும் வரை உலர்த்தவும்’ என்பது ஒரே வரியில் அடங்கிய நீண்ட வேலை: அடுப்பில் வைத்து எடுத்து, ஈரம் புகாத மூடிய கலனான டெசிகேட்டரில் ஆறவைத்து, எடை பார்த்து, மீண்டும் அடுப்பில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். சூடாக இருக்கும் பொருளைத் தராசில் வைத்தால், அதைச் சுற்றிய காற்று வெப்பமடைந்து மேலெழுவதால் தராசு எடையைக் குறைத்துக் காட்டும். ‘ஆறவைத்து’ என்ற சொல்லைத் தவறவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

வடிகட்டிய பிறகு தாளின் மேல் தங்குவது வண்டல், கீழே இறங்குவது வடிநீர். அடுத்த வரிக்குத் தேவைப்படுவது எது என்று தெரிந்துகொள்ளாமல் வடிநீரைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டால், முழுச் சோதனையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கரைசலில் ஒரு வினையின் விளைவாகத் தோன்றும் திண்மத்தை வீழ்படிவு என்கிறோம். அதை அடியில் தங்கவிட்டு, மேலிருக்கும் தெளிந்த திரவத்தை மெல்லச் சாய்த்து ஊற்றுவது தெளியவைத்து இறுத்தல். தானாகத் தங்காத நுண்துகள்களை மையவிலக்குக் கருவியில் சுழற்றித் தங்கவைக்கிறோம். அந்தக் கருவியில் ஒரு குழாய்க்கு நேர் எதிரே சம எடையுள்ள இன்னொரு குழாயை வைக்காமல் இயக்கக் கூடாது.

வினையோடு ஒட்டி வரும் அடைமொழிகளையும் கவனியுங்கள். ‘சுமார் 2 கிராம் துல்லியமாக நிறுத்து எடுக்கவும்’ என்ற வரி முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும். 2 கிராமுக்கு அருகில் எந்த எடையும் இருக்கலாம், ஆனால் எடுத்த எடை எதுவோ அதைத் தராசு காட்டும் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள். 1.9873 கிராம் எடுத்தவர் சரியாகவே செய்திருக்கிறார். 2.0000 வரும் வரை துகள் துகளாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பவர் நேரத்தை வீணாக்குவதோடு, பொருள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவும் இடம் கொடுக்கிறார். ‘மிகையளவு சேர்க்கவும்’ என்றால் வினை முடியத் தேவையானதைவிடக் கூடுதலாக என்று பொருள். அதற்குத் துல்லிய அளவு தேவையில்லை. ‘துளித்துளியாக’ என்றால், ஒவ்வொரு துளிக்கும் பிறகு கலந்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: அளவுக் கலன்கள்

எல்லாக் கண்ணாடிக் கலன்களிலும் கோடுகள் இருக்கின்றன, ஆனால் எல்லாக் கோடுகளையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. பீக்கரிலும் கூம்புக் குடுவையிலும் உள்ள கோடுகள் தோராயமானவை, 5 சதவீதம் வரை விலகலாம். அளவுசாடி அதைவிட மேலானது. துல்லியமாக அளக்க வேண்டிய இடத்தில், குறித்த அளவை உறிஞ்சி எடுத்து மாற்றும் பிப்பெட், அடியில் குழாயடைப்புள்ள பியூரெட், நீண்ட கழுத்தில் ஒரே கோடுள்ள திட்டக் குடுவை ஆகிய மூன்றையே பயன்படுத்த வேண்டும்.

இம்மூன்றிலும் ‘கொள்ளும் அளவு’, ‘வெளியேற்றும் அளவு’ என்று இரு வகை உண்டு. திட்டக் குடுவையின் கழுத்திலுள்ள கோடு, அதுவரை நிரப்பினால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்பதைக் காட்டுகிறது. பிப்பெட்டின் கோடு, அதிலிருந்து வெளியே எவ்வளவு வந்து சேரும் என்பதைக் காட்டுகிறது. ஆகவே, பிப்பெட்டின் முனையில் தங்கும் கடைசித் துளியையும் கணக்கில் கொண்டுதான் கோடு போட்டிருக்கிறார்கள். ஊதி வெளியேற்ற வேண்டிய வகை என்று குறிக்கப்படாத பிப்பெட்டில் அந்தத் துளியை விட்டுவிட வேண்டும், ஊதினால் அளவு கூடிவிடும். கலனின் மேல் 20 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருந்தால், அந்த வெப்பநிலையில் அதன் அளவுத்திருத்தம், அதாவது கோடு சரியான அளவைக் காட்டுமாறு சரிபார்த்தல், செய்யப்பட்டது என்று பொருள்.

நீரின் மேற்பரப்பு கண்ணாடிக் குழாயினுள் குழிந்து நிற்கும். அந்த வளைவைப் பிறைத்தளம் என்பார்கள். கண்ணைப் பிறைத்தளத்தின் அடிப்பகுதிக்கு நேர்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் அளவு மாறித் தோன்றும். இதற்கு இடமாறு தோற்றப் பிழை என்று பெயர்.

மூன்றாம் படி: கரைசல், செறிவு, நீர்த்தல்

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் பகுதி இது என்பது என் கருத்து. எனவே சற்று நின்று பார்ப்போம். கரையும் பொருள் கரைபொருள், கரைக்கும் திரவம் கரைப்பான், இரண்டும் சேர்ந்தது கரைசல். ‘100 மி.லி. நீர் சேர்க்கவும்’ என்பதும் ‘100 மி.லி. ஆகும் வரை நீர் சேர்க்கவும்’ என்பதும் வெவ்வேறு கட்டளைகள். முதலாவதில் சேர்க்கும் நீரின் அளவு 100 மி.லி.; இரண்டாவதில் கிடைக்கும் கரைசலின் அளவு 100 மி.லி. இரண்டும் எப்போதும் சமமாவதில்லை. 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. நீரையும் கலந்தால், கிடைப்பது 100 மி.லி.க்குச் சில மி.லி. குறைவாகவே இருக்கும், ஏனெனில் கலக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று இன்னும் நெருங்கி அமைகின்றன. அதனால்தான், செறிவு துல்லியமாகத் தெரிந்த திட்டக் கரைசலைத் தயாரிக்கும்போது, கரைபொருளை முதலில் குறைந்த அளவு நீரில் முழுமையாகக் கரைத்து, பிறகு கோடு வரை நிரப்புகிறோம்.

மோல் என்பது மூலக்கூறுகளின் அளவைக் கணக்கிடும் அலகு. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள கரைபொருளின் மோல்களைக் குறிக்கிறது; மோலாலிட்டி என்பது ஒரு கிலோகிராம் கரைப்பானுக்கு உள்ள மோல்களைக் குறிக்கிறது. ஓரெழுத்து மாறினால் கணக்கே மாறிவிடும். அதுபோலவே ‘அடர் அமிலம்’ வேறு, ‘வலிமை மிகு அமிலம்’ வேறு. அடர்வு என்பது எவ்வளவு அமிலம் கரைந்திருக்கிறது என்பதைப் பற்றியது. வலிமை என்பது கரைந்த அமிலம் எந்த அளவுக்கு அயனியாகிறது என்பதைப் பற்றியது. 0.001 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிகவும் நீர்த்தது, ஆயினும் வலிமை மிகு அமிலம். நீர் கலவாத அசிட்டிக் அமிலம் மிகவும் அடர்ந்தது, ஆயினும் வலிமை குறைந்த அமிலம்.

பத்து மடங்கு நீர்த்தல் என்றால், 1 மி.லி. கரைசலை எடுத்து மொத்தம் 10 மி.லி. ஆக்குதல், அதாவது 9 மி.லி. நீரோடு சேர்த்தல். ‘1:10’ என்று மட்டும் எழுதியிருந்தால், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீரா, மொத்தம் பத்துப் பங்கா என்ற ஐயம் எழும். கேட்டுத் தெளிந்த பிறகே தொடங்குங்கள், உங்கள் பதிவேட்டில் ‘1 மி.லி. கரைசல் + 9 மி.லி. நீர்’ என்று விரித்தே எழுதுங்கள். இந்தப் பத்து மடங்கு நீர்த்தலை மூன்று முறை அடுத்தடுத்துச் செய்தால் மொத்தம் 1000 மடங்கு நீர்த்துப்போகும். நுண்ணுயிர்களை எண்ணும்போது பயன்படும் தொடர் நீர்த்தல் இதுவே. அடர் சல்பியூரிக் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால், மேலே மிதக்கும் சிறிதளவு நீர், கலக்கும்போது எழும் வெப்பத்தில் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும்.

அமிலப் புட்டியைத் தொடும் முன் அதன் லேபிளைப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் வரையப்பட்ட படக்குறிகள், உலகம் முழுவதும் ஒத்த வகைப்பாட்டின்படி, மொத்தம் 9 உள்ளன. எளிதில் தீப்பற்றக்கூடியது, அரிக்கும் தன்மையுடையது, கடும் நச்சு, ஆக்சிஜனேற்றி என்னும் நான்கையும் முதல் நாளிலேயே அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒரு சோதனையில் சொற்கள் எல்லாம் ஒன்றுகூடுவதைக் காணுதல்

செறிவு தெரிந்த கரைசலைக் கொண்டு இன்னொன்றின் செறிவைக் காணும் தரம்பார்த்தல் என்னும் பருமனறி பகுப்பாய்வு, இதுவரை கண்ட சொற்களில் பெரும்பாலானவற்றை ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவைக் காண்பது நோக்கம் என்று கொள்வோம். அதை நிறுத்து எடுத்து நேரடியாகத் திட்டக் கரைசல் தயாரிக்க முடியாது, ஏனெனில் அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆக்சாலிக் அமிலப் படிகம் அப்படியன்று; தூய்மையாகக் கிடைப்பது, காற்றில் எடை மாறாதிருப்பது, மோலார் நிறை தெளிவாகத் தெரிவது ஆகிய பண்புகளால் அது முதன்மைத் திட்டப்பொருள் ஆகிறது. ஒரு மூலக்கூறோடு இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த இருநீரேற்றான அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 126.07 கிராம். 0.05 மோலார் கரைசல் 250 மி.லி. தயாரிக்க 1.576 கிராம் தேவை.

பியூரெட்டை முதலில் நீராலும், பிறகு அதில் நிரப்பப்போகும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலாலும் அலசுங்கள். பிப்பெட்டையும் அவ்வாறே ஆக்சாலிக் அமிலக் கரைசலால் அலசுங்கள். கூம்புக் குடுவையை மட்டும் நீரால்தான் அலச வேண்டும், கரைசலால் அலசினால் உள்ளே தங்கும் மிச்சம் அளவைக் கூட்டிவிடும். ‘கழுவுதல்’, ‘அலசுதல்’ என்ற இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வது இதற்காகவே. கழுவுதல் அழுக்கை நீக்குவது; அலசுதல், அடுத்து வரும் கரைசலுக்கு ஏற்பக் கலனைத் தயார்செய்வது.

20.0 மி.லி. அமிலத்தைக் குடுவையில் எடுத்து, இரண்டு துளி பினாப்தலீன் சேர்க்கிறோம். இது நிறங்காட்டி, அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். ஏறத்தாழ 8.2க்குக் கீழே நிறமற்றும், அதற்கு மேல் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். பியூரெட்டிலிருந்து காரத்தை விட்டுக்கொண்டே குடுவையைச் சுழற்றும்போது, துளி விழும் இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு தோன்றி உடனே மறையும். அது மறைவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நீளத் தொடங்கினால் முடிவு நிலை நெருங்குகிறது என்று அறிந்து, துளித்துளியாக விடுங்கள். குடுவை முழுவதும் மிக வெளிறிய இளஞ்சிவப்பு பரவி, 30 வினாடிகளுக்கு நிலைத்தால் அதுவே முடிவு நிலை. பிறகு சில நிமிடங்களில் நிறம் மறைந்தால் கலங்க வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைவதால் அது மறைகிறது. அமிலமும் காரமும் வினைச்சமன்பாட்டின்படி சரியாக ஈடாகும் இடம் சமான நிலை. முடிவு நிலை என்பது நம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். இவ்விரண்டும் இயன்றவரை நெருங்கியிருக்குமாறு நிறங்காட்டியைத் தேர்ந்தெடுக்கிறோம்.

முதல் அளவீடு 19.9 மி.லி. என்று வந்தது என்று கொள்வோம். இது தோராய அளவீடு. முடிவு நிலை எங்கே வரும் என்று அறிவதற்காக மட்டும் செய்தது. அடுத்த இரண்டும் 19.6, 19.6 என்று வந்தால் அவை ஒத்த அளவீடுகள். தோராய அளவீட்டைச் சராசரியில் சேர்க்கக் கூடாது. ஒரு மோல் ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு தேவைப்படுவதால், 0.05 மோலார் கரைசலின் 20.0 மி.லி.யில் உள்ள 0.00100 மோல் அமிலம் 0.00200 மோல் காரத்தோடு ஈடாகியிருக்கிறது. அதை 0.0196 லிட்டரால் வகுத்தால், செறிவு 0.102 மோலார். கணிப்பான் 0.10204081 என்று காட்டினாலும் மூன்று இலக்கங்களோடு நிறுத்துகிறோம், ஏனெனில் நாம் அளந்த 19.6 என்ற எண்ணில் இருப்பவை மூன்று முக்கிய எண்ணுருக்கள், அதாவது அளவீட்டில் பொருளுள்ள இலக்கங்கள், மட்டுமே.

ஐந்தாம் படி: பிழை என்ற சொல்

பேச்சு வழக்கில் பிழை என்றால் தவறு. ஆய்வகத்தில் அது அளவீட்டுக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கிறது, கவனமாகச் செய்பவரின் அளவீட்டிலும் பிழை இருக்கும். அளவீடு உண்மை மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது துல்லியத்தன்மை. திரும்பத் திரும்ப எடுத்த அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது நுட்பம். எப்போதும் 0.5 கிராம் கூட்டிக் காட்டும் தராசில் ஒரே பொருளை ஐந்து முறை நிறுத்தால், ஐந்தும் ஒத்திருக்கும். நுட்பம் இருக்கிறது, துல்லியத்தன்மை இல்லை. இவ்வாறு ஒரே திசையில் விலகச் செய்வது முறையான பிழை. எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் அது நீங்காது, அளவுத்திருத்தத்தால்தான் நீங்கும். கூடியும் குறைந்தும் வருவது ஒழுங்கற்ற பிழை, அதைப் பல அளவீடுகளின் சராசரி குறைக்கும். ஒரு கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு அதன் மீச்சிற்றளவு.

ஆறாம் படி: காண்பனவும் அறிவனவும்

பதிவேட்டில் ‘காண்பன’, ‘அறிவன’ என்று இரண்டு பத்திகள் இருந்தால் அந்தக் கோட்டை மதியுங்கள். ‘நுரைத்துப் பொங்கியது, வெளிவந்த வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றியது’ என்பது காண்பன. ‘கார்பனேட் இருக்கலாம்’ என்பது அறிவன. ‘கார்பன் டைஆக்சைடு வந்தது’ என்று முதல் பத்தியில் எழுதுபவர், கண்ணால் காணாத ஒன்றைக் கண்டதாக எழுதுகிறார். ‘தெளிந்த’, ‘நிறமற்ற’ என்ற சொற்களையும் கலந்து எழுதாதீர்கள். காப்பர் சல்பேட் கரைசல் தெளிந்தது, ஆனால் நீல நிறமுடையது. வெள்ளி குளோரைடு வீழ்படிவைத் ‘தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு’ என்றும், அலுமினியம் ஹைட்ராக்சைடைக் ‘கொழகொழப்பான வெண்ணிற வீழ்படிவு’ என்றும் எழுதுவது, வெறுமனே ‘வெண்மை’ என்று எழுதுவதைவிட எவ்வளவோ பயனுள்ளது.

ஏழாம் படி: சோதனையைத் திட்டமிடும் சொற்கள்

இந்தச் சொற்களைக் கற்பதற்கு, 1668ஆம் ஆண்டு வெளியான, இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடியின் சோதனையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே உண்டாகின்றன என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஈக்கள் இடும் முட்டைகளிலிருந்தே அவை வருகின்றன என்பது ரெடியின் கருதுகோள். சில கலன்களில் இறைச்சியை வைத்துத் திறந்துவிட்டார், சிலவற்றை முழுவதும் மூடினார். திறந்த கலன்களில் மட்டுமே புழுக்கள் தோன்றின. கலனின் வாய் திறந்திருப்பதா மூடியிருப்பதா என்பது அவர் வேண்டுமென்றே மாற்றியது, ஆகவே அது சாரா மாறி. புழுக்கள் தோன்றுவது அதற்கேற்ப மாறுவது, ஆகவே அது சார்ந்த மாறி. இறைச்சியின் வகை, வைத்த இடம், காலம் போன்றவை மாறாமல் காக்கப்பட வேண்டியவை.

மூடிய கலனில் காற்று புகாததால்தான் புழுக்கள் உண்டாகவில்லை என்று ஒருவர் மறுக்கலாம் அல்லவா? அதற்காக வேறு சில கலன்களின் வாயை மெல்லிய துணியால் மூடினார். காற்று உள்ளே சென்றது, ஈக்கள் செல்லவில்லை, இறைச்சியில் புழுக்களும் இல்லை. ஒரே ஒரு காரணியை மட்டும் தனித்துப் பிரித்துக் காட்டும் இத்தகைய ஒப்பீட்டுக்காகவே கட்டுப்பாட்டுச் சோதனையை அமைக்கிறோம். வேதியியலில் இதன் எளிய வடிவம் வெற்றுச் சோதனை: ஆராயும் பொருளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதே அளவில் சேர்த்துச் செய்வது. அப்போதும் நிறம் மாறினால், மாற்றத்துக்குக் காரணம் ஆராயும் பொருள் அன்று.

எட்டாம் படி: பதிவேடும் முடிவும்

நோக்கம், தத்துவம், தேவையான பொருள்கள், செய்முறை, அட்டவணை, கணக்கீடு, முடிவு என்ற வரிசை பெரும்பாலும் எல்லா இடங்களிலும் ஒன்றே. செய்முறைக் குறிப்பு ‘சேர்க்கவும்’ என்று ஏவும். அறிக்கையோ ‘சேர்க்கப்பட்டது’ என்று நடந்ததைச் சொல்லும். குறிப்பு 5 மி.லி. என்று சொல்லியிருந்து நீங்கள் 5.5 மி.லி. சேர்த்திருந்தால், அறிக்கையில் இருக்க வேண்டியது 5.5. முடிவை எழுதும்போது ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல்லை எளிதில் எடுக்காதீர்கள். ஒரு சோதனையின் முடிவு கருதுகோளோடு ஒத்துப்போகிறது, அல்லது அதற்கு ஆதரவளிக்கிறது, அல்லது அதற்கு மாறாக இருக்கிறது என்று எழுதுவதே அளவான சொல்லாட்சி. அட்டவணையின் ஒவ்வொரு தலைப்பிலும் அலகு இருக்கட்டும். அலகில்லாத எண்ணைக் கொண்டு அடுத்தவர் எதையும் செய்ய முடியாது.

எண்களை நேரடியாகப் பதிவேட்டிலேயே, மையால், அளந்த உடனே எழுதுங்கள். துண்டுத் தாளில் குறித்துப் பிறகு பார்த்து எழுதும்போதுதான் 19.6 என்பது 16.9 ஆகிறது. தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோட்டால் அடித்து, அருகில் சரியான எண்ணையும் தேதியையும் இடுங்கள். அடிக்கப்பட்ட எண் படிக்கும்படி இருக்க வேண்டும், ஏனெனில் தவறென்று நினைத்து அடித்ததுதான் சரியான அளவீடு என்று பின்னர் தெரியவரும் நேரங்களும் உண்டு.